குடையைத் திறந்து பார்க்கும் அம்மா

ஜூன் 3, செவ்வாய்
மழை. அம்மாவோடு தெருவில் நடப்பது பெரிய கஷ்டம். எதிரில் வந்தவரை நிறுத்தி, "ஒரு நிமிஷம் குடுங்க சார்" என்று அவர் குடையை வாங்கி, கம்பி நுனியிலிருந்து நழுவிய துணியை மாட்டிக் கொடுத்தாள். அவர் நனைந்துகொண்டே நன்றி சொன்னார். "நம்ம குடை. பார்த்துட்டு சும்மா வர முடியுமா?" என்கிறாள்.

குடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் சோதனை மேசை அம்மாவுடையது. ஒவ்வொரு குடையையும் காதருகே வைத்துத் திறப்பாள். கொக்கி மாட்டும் சத்தத்திலேயே நல்லது கெட்டது தெரிந்துவிடுமாம்.

ஜூன் 9, திங்கள்
புது மேலாளர் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அம்மாவைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். சோதனைக்கு இயந்திரம் வந்துவிட்டது. எல்லோருக்கும் 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த பனியன் வேறு. "பனியன் போட்டா குடும்பமாயிடுமா?" என்று அம்மா அதை வைத்து அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

"குடும்பத்தைப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறியே!" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 12
சாப்பிடும்போது தொழிற்சாலைப் பேச்சே இல்லை. இவ்வளவு அமைதியான வீடு எனக்கு வேண்டாம்.

ஜூன் 14, சனி
என் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பை கம்பெனியில் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சேர வேண்டும். தினமும் காலையில் இருவரும் சேர்ந்தே நடக்கலாம்! வழியில் சொல்வதற்காக, படித்த கதைகளுக்கு ஒரு பட்டியல் போட்டுவிட்டேன். இது சுயநலமா? — கொஞ்சம்.

ஜூன் 17, செவ்வாய்
அம்மாவுக்குத் திட்டு. பேக்கிங்கில் பாதி எண்ணிக்கைகூடத் தேறவில்லையாம். பெட்டியில் போடும் முன் ஒவ்வொரு குடையையும் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்திருக்கிறாள்!

"வெள்ளிக்கிழமை போகப்போறே. உனக்கென்னம்மா வந்துச்சு?" என்றேன்.

"நடு ரோட்டுல ஒருத்தி கையில மடங்கிக்கிச்சுன்னா? என்னைத்தானேடி திட்டுவா!"

அந்த ஒருத்திக்கு அம்மாவைத் தெரியவே தெரியாதே!

ஜூன் 19, வியாழன்
அம்மா ஒதுக்கிவைத்த நாற்பது குடைகளை மேலாளரே எடுத்துத் திறந்து பார்த்தாராம். எல்லாம் இயந்திரம் சோதித்து 'சரி' என்று அனுப்பியவை. முப்பத்தெட்டு மடங்கிவிட்டன.

"இப்ப என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கக்கா" என்றிருக்கிறார். "வேலையை நிறுத்துங்க. கம்பி சரியில்ல" என்றாளாம் அம்மா. உடனே நிறுத்திவிட்டார்.

இதை மூன்று முறை சொன்னாள். "கேட்டாருடி... என்னைக் கேட்டாரு."

ஜூன் 20, வெள்ளி
காலையில் தனியாகத்தான் பள்ளிக்குப் போனேன். கொஞ்சம் அழுகை வந்தது.

மாலையில் அம்மா குடைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டாள் — புதுக் கம்பி எப்படி வளைகிறது, யார் யாரை என்ன சொன்னார்கள் என்று. அப்பாவின் தேநீர் ஆறியே போனது. பை கம்பெனியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம், "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டது நான்தான்.