யாழினியின் கடைவாய்ப் பல்

அக். 12, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. புதுவாயல் ஜங்ஷன் முழுக்க லாரிப் புகை. ஞாயிற்றுக்கிழமை கூடவா கிளினிக் என்று அம்மா போனில் திட்டு. திறக்காவிட்டால் கம்பெனிக்காரர்கள் எப்போதுதான் வருவார்கள்?

பால் புட்டியோடு தூங்கும் பையன் ஒருவன், முன்பல் எல்லாம் கறுப்பு. உடனே பிடுங்கு என்று சண்டைக்கு வந்த பெரியவர். காலை முழுக்க இப்படியே.

கடைசியாக செல்வி. தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. கூடவே நாலு வயது மகள் யாழினி.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா பாத்துட்டுப் போலாம்னு இட்டாந்தேன்."

சும்மா! இங்கே வலி வராமல் பல் காட்ட வந்த முதல் குழந்தை. அந்தம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நாற்காலியை ஏற்றி இறக்கி ஒரு ரவுண்டு. குட்டிக் கண்ணாடியை யாழினியிடமே கொடுத்தேன். முதலில் என் வாயைப் பார்த்தாள்.

"உன் பல்லுலயும் ஓட்ட கீதா?"

இருந்தது, அடைத்துவிட்டேன் என்றேன். பிறகுதான் அவள் வாய் திறந்தாள். கீழே இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சின்னக் குழி. மருந்து தடவி மூடினால் போதும். மிஷின்கூட வேண்டாம். ஆனால் முதல் நாள் பழக மட்டும், அது என் வழக்கம். மருந்து அடுத்த முறை.

"ஊசி போடுவியா?"

"போடவே மாட்டேன்."

சுண்டுவிரல் கோத்துச் சத்தியம். குழந்தையிடம் வாக்குக் கொடுக்காதே என்று காலேஜில் தலையில் அடித்துச் சொன்னார்கள். அவள் சிரித்த சிரிப்பில் மறந்தே போனது.

செல்விக்குச் சொன்னது: ராத்திரி பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். பட்டாணி அளவு பேஸ்ட். அப்புறம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

அக். 26, ஞாயிறு

மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர். கரண்ட் போய்ப் போய் வந்தது. தீபாவளி ஸ்வீட் தின்று பல்வலிக் கூட்டம்.

யாழினி வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செல்வி முகமே சரியில்லை.

"அன்னிக்கு நல்லாத்தானே இருந்தா. நான் ஷிப்டுக்குப் பூட்டா அவங்க நைனாதான் சோறு ஊட்டுவாரு டாக்டர். முழுங்காம வெச்சிக்கினு இருந்தா, 'இரு, டாக்டரம்மாண்ட சொல்லி ஊசி போட்டு பல்லப் புடுங்கச் சொல்றேன்'ன்றாரு. மத்தபடி கைய ஓங்க மாட்டாரு."

முன்பு பூச்சாண்டி, போலீஸ்காரர். இப்போது நான். நல்ல பதவி உயர்வு.

கண்ணாடி காட்டினேன், பலூன் ஊதினேன். ம்ஹூம். முன்னால் டோக்கன் கொடுக்கும் வசந்தா அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "நா கையப் புட்ச்சிக்கிறேன் மேடம், நீங்க சட்டுனு தடவிடுங்க."

மாட்டேன் என்றேன். அமுக்கிப் பிடித்தால் அந்த ஆள் சொன்னது நிஜமாகிவிடும். அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

நவ. 9, ஞாயிறு

வரவில்லை. போன வாரமும் இல்லை. நானே போன் போட்டேன்.

"ஷிப்ட மாத்திட்டாங்க டாக்டர், ஞாயித்துக்கெழமையும் டூட்டி. அவளும் வலிக்குதுன்னு ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் கீறா."

அப்பாவோடு அனுப்புங்கள் என்றேன். "அவரோட வந்தா இன்னும் கத்துவா."

வாங்க: பஞ்சு, சின்ன சைஸ் கையுறை, கொசுவத்தி. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, மறக்கக் கூடாது.

நவ. 19, புதன்

திரும்பவும் மழை. கம்பெனி யூனிஃபார்மோடு செல்வி ஓடிவந்தாள். தோளில் யாழினி. காய்ச்சல், இடது கன்னம் பன்னு மாதிரி வீக்கம். அதே பல். மேலே சின்னதாகத் தெரிந்த குழி, உள்ளே வேர்வரை போயிருக்கிறது.

"ஒரே பக்கமா மென்னுக்கினு இருந்திருக்கா டாக்டர். நா பாக்கவே இல்ல. ஏன்டி சொல்லலன்னு கேட்டா, சொன்னா இங்க இட்டாந்துடுவேன்னு..."

வலியைவிட நான் பயங்கரம். நாலு வயதில் எப்படித் தாங்கினாளோ. எழுதும்போதே அழுகை வருகிறது.

மாத்திரை, மருந்து கொடுத்திருக்கிறேன். வீக்கம் வடிந்ததும் பல்லை எடுத்தாக வேண்டும். ஊசி போட்டுத்தான். சென்னையில் குழந்தைகளுக்கென்றே பார்க்கிறவர்களிடம் போகிறீர்களா என்று கேட்டேன்.

"லீவு குடுக்க மாட்டாங்க டாக்டர். நீங்களே எடுத்துடுங்க. உங்களன்னா அவளுக்குத் தெரியும்."

நன்றாகவே தெரியும்.

நவ. 24, திங்கள்

தூறல். அப்பாவும் வந்திருந்தார். ஒல்லியான ஆள். கையில் டிபன் பாக்ஸ், அவளுக்காகக் குழைத்துப் பிசைந்த ரசம் சோறு.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது மேடம். நாலு வாய் துன்னா போதும்னு."

நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டுமென்று வைத்திருந்தேன். அந்த டிபன் பாக்ஸைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

யாழினியிடம் உள்ளதைச் சொன்னேன். "இன்னிக்கு ஊசி இருக்கு கண்ணு. போட மாட்டேன்னு சொன்னேன், முடியல. சாரி." மரத்துப்போக ஜெல் தடவி, நேரம் கொடுத்து, மெதுவாகத்தான் செய்தேன். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவள் அழவும் இல்லை. அழுதிருந்தால் தேவலை.

பஞ்சைக் கடித்தபடி இறங்கி நேரே அப்பாவிடம் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தூக்கிக்கொண்டார். அவர் காதில்தான் சொன்னாள், எனக்கும் கேட்டது.

"இனிமே சோத்த ஒழுங்கா துன்றேன் நைனா."