ஆலப்பாக்கத்தில் நின்ற கார்

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் காரை எடுத்தேன். கேட்டைத் தாண்டவில்லை, பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் அடியில் சொட்டுகிறது. போன வருஷம் பிப்ரவரியில், நெஞ்சு வலி என்று புஷ்பவள்ளியைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது வந்த அதே வாடை. பாதி வழியில், ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் என் பெண்சாதி போய்விட்டாள்.

அதற்கு ஆறு மாதம் முன்பு பெட்ரோல் டியூபை மாற்றிக் கொடுத்தவன் அவள் தம்பி இளவரசு. சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எழவு வீட்டில் எல்லார் எதிரிலும் கேட்டேன்: "மட்ட டியூபப் போட்டு ஒங்க அக்காவயே கொன்னுட்டியேடா!" அதோடு சரி, வரத்துப் போக்கு கிடையாது.

மார்ச் 4

மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. பால்காரரிடம் "அரை லிட்டர்" என்றது பேச்சில் சேருமா?

மார்ச் 5

மெக்கானிக் ஆரோக்கிய ஜெகன் வந்தான். இப்போது ஒழுகும் இந்த டியூப், அவள் போன பிறகு நானே கடையில் நின்று, இருப்பதிலேயே உசத்தியாகப் பார்த்து வாங்கிப் போட்டது. அதுவும் ஊறி வெடித்திருக்கிறது.

"டியூப் மேல தப்பில்ல சார். இப்ப பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தி கலக்குறாங்க. ஒங்க பழைய வண்டி ரப்பர் தாங்காது. அதுக்குன்னு தனி டியூப் வருது."

இளவரசு போட்ட டியூபை பீரோவில் வைத்திருந்தேன் — சாட்சிக்கு! எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே வெடிப்பு.

செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் முப்பது வருஷம் குழாய் மூட்டுகளுக்கு ரப்பர் கேஸ்கட் மாற்றியவன் நான். எந்த ரப்பர் எதில் ஊறும் என்று எனக்கா தெரியாது? பார்க்க மனசில்லை. பாவி நான்.

மார்ச் 6

பதிமூன்று மாதமாகக் கோபம்தான் இந்த வீட்டில் எனக்குத் துணை. இப்போது அதுவும் இல்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பாள் புஷ்பவள்ளி. பார்த்தேன். சுற்றம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பஸ்ஸில் சிதம்பரம் போனேன். இரண்டு டியூபையும் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "தப்பா பேசிட்டேன் இளவரசு."

அவன் டியூபைப் பார்க்கவே இல்லை. "பெட்ரோல்தான் காரணம்னு எனக்கு அப்பவே தெரியும் மாமா. இன்னும் நாலு வண்டி இப்படியே வந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நான் போட்ட டியூப் தாங்கியிருந்தா அக்கா இருந்திருக்குமேன்னு நானும்தான் நெனச்சிகிட்டு கெடந்தேன். எந்த மூஞ்ச வச்சிகிட்டு வர்றது?"

மார்ச் 16, ஞாயிறு

எத்தனாலைத் தாங்கும் புது டியூபோடு இளவரசு வந்தான். மாட்டி முடித்துக் கை கழுவிவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்தான், அவள் சாய்ந்திருந்த பக்கம்.

"ஓட்டுங்க மாமா."

ஆலப்பாக்கத்தில் வண்டி நிற்கவில்லை. நாங்களாக நிறுத்தி இறங்கினோம்.