பதினேழாம் எலியின் நுரையீரல்

நிலா ஆய்வுக்கூடம், நாள் 41, 09:10
வழக்கமான பதிவு. எழுதுவது எப்சிபா, நுரையீரல் ஆய்வாளர். இங்கே நானும் என் கணவர் ஞானதிரவியமும் மட்டும்தான். அவருக்குத் துளையிடும் இயந்திரம், எனக்கு இருபது எலிகள். எல்லாமே நிலாத்தூசியைச் சுவாசித்து நுரையீரல் வீங்கியவை. பத்தைத் தினமும் ஒரே பெட்டியில் வைத்து மயக்கி, மூச்சுக்குழாயில் புது மருந்து விடுகிறேன். மற்ற பத்தையும் அதேபோல் மயக்கி உப்புநீர் விட வேண்டும் என்பது விதி. மயக்க மருந்து மூன்றே புட்டி. அதனால் அவற்றைத் தொடுவதில்லை. சிக்கனத்தில் நான் கெட்டிக்காரி.

நாள் 52, 16:30
மருந்து எலிகள் துள்ளுகின்றன. தொடாத எலிகள் சுருண்டு கிடக்கின்றன. இன்று ஞானத்தின் தலைக்கவசம் கசிந்து தூசி உள்ளே போய்விட்டது. ஓயாத இருமல். அவருக்கும் மயக்காமலே புது மருந்தைத் தொடங்கினேன். தானும் எலியாகிவிட்டதாகக் கிண்டல் செய்தார். பிழைத்துக்கொள்வார்.

நாள் 58, 11:05
ஞானத்துக்கு மூச்சு மோசம். அவரைப் பிராணவாயு அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பேச்சு இன்டர்காமில்தான். மீட்புக் கலம் வர ஒன்பது நாள். ஆய்வை முடிக்க எலிகளைக் கொல்ல வேண்டும். கழுத்தைத் திருகினால் மயக்க மருந்து மிச்சமாகும் என்றேன்.
“பாவம் எப்சி. நோகாம தூங்க வையி.”
அப்படியே செய்தேன். பழைய பெட்டி, ஏகப்பட்ட கசிவு. கடைசிப் புட்டியும் தீர்ந்துவிட்டது.

நாள் 59, 10:40
அறுத்துப் பார்த்தேன். மருந்து எலிகளின் நுரையீரல் அத்தனையும் சுத்தம். பதினேழாம் எலியுடையதும்தான்.
அதன் குறிப்பைப் புரட்டினேன். முதல் நாளே மூச்சுக்குழாயில் ரத்தம் கசிந்ததால் அதற்கு மருந்தே விடவில்லை. மருந்து எலிகளோடு தினமும் பெட்டியில் மயங்கியது, அவ்வளவுதான். மூன்று முறை படித்தேன்.
வீக்கத்தைத் தணித்தது மயக்க மருந்து. என் மருந்து ஒன்றுமே செய்யவில்லை. விதிப்படி மற்ற பத்தையும் மயக்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஞானத்துக்குச் சிறிது சிறிதாக அதைக் கொடுத்திருந்தால் கலம் வரும்வரை தாங்கியிருப்பார். அதை நேற்று செத்துப்போக வேண்டிய எலிகளுக்குக் கொட்டிவிட்டேன். எப்படிச் சொல்வேன் அவரிடம்.

நாள் 61, 14:20
சொல்லவில்லை. உதடு நீலம். இன்டர்காமில் கூப்பிட்டார்.
“எலியெல்லாம் நோகாம தூங்கிருச்சா?”
தூங்கிவிட்டன என்றேன்.
“எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கியா?”
“வச்சிருக்கேன். கண்ண மூடுங்க, திறந்துவிடுறேன்.”
காலிப் புட்டியை அவர் அறைக் குழாயில் மாட்டி, சத்தம் கேட்கும்படி திருகினேன். நம்பி மூச்சை இழுத்தார். நல்லா இருக்கு என்றார்.

நாள் 61, 14:52
இதைக் கண்டெடுப்பவருக்கு. தொடாத எலிகளையும் மயக்குங்கள். எத்தனை புட்டி தீர்ந்தாலும் சரி.
இன்டர்காம் பொத்தானில் அவர் விரல் அப்படியே இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.
நான் இன்னும் புட்டியின் திருகை மூடவில்லை. மூடினால் அவருக்குக் கேட்டுவி...