தேமல் என்றார் டாக்டர்

இளம்பிள்ளை,
1937, பங்குனி மாதம்

சௌபாக்கியவதி ஜானகிக்கு வீரபாகு எழுதுவது.

நீயும் குழந்தை சுப்புவும் சுகந்தானே? அவளுக்கு இருமல் நின்றதா? மல்லசமுத்திரத்தில் மாமாவுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்.

நேற்றுச் சேலத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் என்னைச் சோதித்தார். கையில் இருப்பது குஷ்டம் என்கிற பெருவியாதி இல்லை, வெறும் தேமல் என்றார். ஜானகி, உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று வழியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேசுவதற்கு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

போன வருஷம் சாவடியில் ஊரையே நிறுத்திச் சோதித்தார்களே, அன்று கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொட்டார்கள். பயத்தில் எங்கே தொடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சி இல்லை, பெருவியாதிதான் என்று எழுதிவிட்டார்கள். உன்னைக் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னது நான்தான். மாமா உன்னைக் குறை சொன்னால் இதைச் சொல். அதற்குப் பிறகு செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நான் நெய்த சேலையைத் தொடாமலே திருப்பினார்கள். தண்ணீர் கேட்டால் எட்ட நின்று ஊற்றுகிறார்கள்.

ஒரு சோதனை இப்படிப் பொய் சொல்லலாமா என்று டாக்டரிடம் கோபமாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்தச் சோதனையும் ரெண்டு விதமாத் தப்புமுங்க. நோயில்லாதவரை நோயாளின்னு சொல்லும். நோயாளியை ஒண்ணுமில்லைன்னு அனுப்பியும் விடும். முதல்ல நோயில்லைன்னுதான் வெச்சுக்கணும். அதை மறுக்க எவ்வளவு சாட்சி வேணும்னு நாமதான் முடிவு பண்றோம். கொஞ்சம் போதும்னா உங்களை மாதிரி ஆளுங்க மாட்டிக்குவாங்க. நிறைய வேணும்னா நிஜமான நோயாளி தப்பிப் போயிடுவாரு. ஒரு தப்பை அமுக்கினா இன்னொண்ணு எழும். ரெண்டும் குறையணும்னா திரும்பத் திரும்பப் பொறுமையாப் பார்க்கணும்" என்றார். சாவடியில் சிறு சந்தேகத்தையும் விடக்கூடாது என்றிருந்தார்களாம்.

அப்படியிருந்தும் ஒருவர் தப்பியிருக்கிறார். அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மயில்சாமியை ஞாபகமிருக்கிறதா? ஒன்றுமில்லை என்று அனுப்பினார்களே, எனக்குக்கூடப் பொறாமையாக இருந்தது. நேற்று அவரை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். பீடி நெருப்பு விரலைச் சுட்டது அவருக்குத் தெரியவில்லையாம். "அவங்க சொன்னதை நம்பித்தானுங்க ஊட்டுக்குப் போனேன். கடைக்குட்டி எம்பக்கத்துலதான் படுப்பான்" என்று அழுதார். தோளைத் தொடப்போன என் கை பாதியில் நின்றுவிட்டது. ஊரார் எனக்குச் செய்ததையே நானும் செய்தேன். பிறகுதான் தொட்டேன்.

திரும்பவும் உள்ளே போய், நோயில்லை என்று நீங்கள் சொன்னதும் தப்பாக இருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். தோலைப் பல இடங்களில் சுரண்டிப் பார்த்தாயிற்று, தப்பாக இருப்பது அரிது, ஆனாலும் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன் என்றார். ஐப்பசி மழை கழிந்ததும் இன்னொரு முறை பார்க்கிறாராம். தாம் என் இடத்தில் இருந்தால் இன்றே பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார்.

நான் அப்படி முடிவு செய்யவில்லை. பழைய சோதனையின் தப்பு என் தலையோடு போயிற்று. இதிலும் தப்பு இருந்தால் அது சுப்புவின் தலையில் விழும். அவளை இப்போது அனுப்பாதே. மழை கழியட்டும். என் மேல் கோபப்படாதே.

உன்னை வா என்றும் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. வந்தால் நீ வாசலிலேயே உட்காரலாம், நான் உள்ளே இருந்து பேசுகிறேன். சமைக்கப் பழகிவிட்டேன், ரசம் மட்டும் இன்னும் உன் கைப்பக்குவத்துக்கு வரவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். சுப்புவை என் பங்குக்கு ஒருமுறை தூக்கிக்கொள். அப்பா எங்கே என்று இன்னும் கேட்கிறாளா? கேட்டால் எழுது. கேட்பதை விட்டிருந்தால் அதை மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
வீரபாகு