மாமரத்தடி மூங்கில்

ஸ்ரீரங்கநாயகித் தாயார் துணை

கே.கே. நகர், திருச்சி
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

. . . . . . . . . . மைத்ரேயிக்கு, வீரராகவன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

பெயருக்கு முன்னால் இடம் விட்டிருப்பதைப் பார்த்துக் கிழவனுக்கு மறதி என்று நினைத்துவிடாதே. உனக்கும் எங்கள் பிள்ளை மதுவுக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த இடத்தில் ‘சௌபாக்யவதி’ என்று எழுதி வந்தேன். அவன் போன பிறகு அதை எழுத வழியில்லை. வேறு எந்த வார்த்தையைப் போடலாம் என்று யோசித்தாலும் கை ஓடவில்லை. அதனால் வெறும் இடமாகவே விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். உன் மாமியார் பூமாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தாலும், கூடத்தில் நான் யாரிடம் என்ன பேசினேன் என்று அப்படியே ஒப்பிப்பாள். போதாததற்கு, உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசி வைத்துவிடுகிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஆவணியில் நீ பேசினபோது, உன் ஆபீஸில் வேலை பார்க்கும் ஜகன்னாத் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாகச் சொன்னாய். பூமாவை மனதில் வைத்து, அம்மா சரின்னு சொல்லாம நான் தேதி வைக்க மாட்டேம்ப்பா என்றாய். நான் அந்த நிமிஷமே சரி என்றேன். பூமாவிடமும் அன்றைக்கே சொன்னேன். அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, பீரோவில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். உன்னைப் பெற்ற அப்பா இல்லாமல் தனியாக எல்லாவற்றையும் பார்க்கும் உன் அம்மா, ஹைதராபாத்திலிருந்து எனக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள் என்று கேட்கிறார். கேட்பதில் தப்பே இல்லை.

இதற்கு நடுவில் மூங்கில் விவகாரம் வந்து சேர்ந்தது.

மாமரத்தடி உனக்கு ஞாபகம் இருக்கும். புல் பிடிக்காமல், மழை பெய்தால் சேறும் வெயில் அடித்தால் புழுதியுமாகக் கிடந்த இடம். நீங்கள் இருவரும் பெங்களூரிலிருந்து காரில் வந்தபோது மது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குட்டை மூங்கில் கொண்டு வந்தான். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது, நிழலில் வளரும், தரையை அப்படியே மூடிக்கொள்ளும் என்றான். பாடை கட்டுகிற மரத்தை யாராவது வீட்டில் வைப்பார்களா என்று நான் கத்தினேன். இந்த மூங்கில்ல ஒரு ஊதுகுழல்கூடப் பண்ண முடியாதுப்பா என்று சிரித்தான். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

ஆனால் அது மண்ணுக்கடியில் வேர்விட்டு ஓடுகிற ஜாதி என்று அவனுக்குத் தெரியும். பாத்தியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, கனமான கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டை மண்ணுக்குள் ஆழமாக இறக்கினான். ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் மாசியில் தரையோடு வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் புதுசாகத் துளிர்க்கும் என்று பூமாவிடம் சொல்லிவிட்டுப் போனான். ஒரு மாசியில் அவனே வந்து வெட்டினான். அடுத்த மாசி வருவதற்குள் நாமக்கல் தாண்டி அந்த விபத்து. அதற்குப் பிறகு பூமா ஒரு கத்தரிக்கோலைக்கூட அதன் பக்கம் கொண்டுபோக விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு ஆஸ்டின் வந்தார். பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்க என்று கூட்டிப்போனார். அவர் வீட்டு முற்றத்தில் டைல்ஸ் பெயர்ந்து, இடுக்கிலெல்லாம் நம் மூங்கிலின் வெள்ளைக் கோடு போட்ட இலைகள். தண்ணீர்த் தொட்டியின் விரிசலுக்குள்ளும் வேர் புகுந்திருந்தது. மது தம்பி வச்சதுன்னு தெரியும் சார், அதான் இத்தனை நாளா சொல்லல, நானே பிடுங்கிப் போட்டுட்டு இருந்தேன், இப்ப என்னால முடியல என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

தகடு இருக்கும்போது எப்படித் தாண்டியது என்று தோண்டிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் தகடு இல்லை. மாடிப்படிக்கு அடியில், பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டி வைத்திருந்தது. கேட்டதும் பூமா மறைக்கவில்லை. ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றாள். வேரெல்லாம் தகட்டில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டு கிடந்ததாம். கொழந்தை வச்சது, போற எடத்துக்குப் போகட்டுமே, அதை ஏன் கட்டிப்போடணும் என்றாள். மாத்திரை போடாமல் படியேற முடியாத மூட்டுவலிக்காரி, நான் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி அத்தனையையும் எடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

நாளைக்கு எல்லாவற்றையும் தோண்டி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். உன் விஷயத்தில் என்ன மௌனமோ அதே மௌனம்தான். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை

மண்வெட்டி பிடித்துக் கையெல்லாம் கொப்புளம், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஐப்பசி மழையில் மண் இளகியிருந்ததால் பிழைத்தேன். ஆஸ்டின், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கடப்பாரையோடு வந்து நின்றார். மேலே பார்த்தால் சாதுவான இலை. உள்ளே பென்சில் தடிமனில் வேர் பின்னிக் கிடக்கிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் எங்கோ தள்ளி மண் தூக்குகிறது. துளசி மாடத்துக்கு அடியிலும் போயிருந்தது.

முதல் நாள் பூமா வாசற்படியைத் தாண்டவில்லை. மறுநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். எல்லாம் போகட்டும், மது தன் கையால் வைத்த முதல் தூரை மட்டும் வெட்டக்கூடாது, அதைத் தொட்டியில் எடுத்து வைத்துக்கொள்வேன் என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆஸ்டின் தன் வீட்டிலிருந்து ஒரு சிமெண்டுத் தொட்டியைத் தூக்கி வந்தார்.

மாமரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு இடத்தைக் காட்டி, இங்கதான், நான் பக்கத்துல நின்னுண்டிருந்தேன் என்றாள். அங்கே இலை நன்றாக மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தோம். கீழே வெறும் காய்ந்த குச்சிகள். தொட்டதும் ஒடிந்தன. மண்ணைக் கிளறினால் வேரும் கறுத்து உளுத்துப் போயிருந்தது. வெட்டாமலே விட்டதில் நடுவில் எப்போதோ செத்துப்போய்விட்டது. நாங்கள் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது சுற்றுப்பக்கத்திலிருந்து சாய்ந்து மூடிய இலை. உயிரோடு இருந்ததெல்லாம் அவன் போன பிறகு ஓடியவை, அவன் கை படாதவை.

பூமா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மது போன அன்று, வந்தவர்களெல்லாம் கட்டிக்கொண்டு அழ வைக்கப் பார்த்தும் அவள் அழவில்லை. நீயே பார்த்தாய். இப்போது அழுதாள். ஆஸ்டின் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். ஏன்னா, இத்தனை நாளா நான் எதைக் காவல் காத்துண்டிருந்தேன் என்று கேட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மழை வரும்வரை அப்படியே இருந்தோம்.

சாயந்திரம் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பொண்ணைத் தையிலயே தேதி வச்சுக்கச் சொல்லுங்கோ என்றாள். வாயில் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் எதுவும் சேர்க்கவில்லை.

கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். வரமாட்டாளாம். வந்தா அழுதுடுவேன், அவ மணையில உக்காந்திண்டிருக்கறச்சே நான் அழப்படாது என்றாள். அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன், நீயும் கூப்பிட்டுக் கேட்காதே. நான் வருவேன். உன்னை ஜகன்னாத் கையில் பிடித்துக் கொடுக்க ஒரு கிழவன் தேவைப்பட்டால் முன்னால் வந்து நிற்கிறேன். தேவைப்படாவிட்டால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். எனக்கு எதுவானாலும் சந்தோஷம்தான்.

மாமரத்தடி இப்போது வெறும் சேறு. பழைய தகட்டை எடுத்து ஆஸ்டின் வீட்டுச் சுவரோரம் இறக்கிவிட்டோம். தப்பிய வேர் எங்காவது துளிர்விடும், பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும் என்கிறார் அவர். காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போது பூமா குனிந்து அந்த இடத்தைப் பார்க்கிறாள். கிள்ளுவதற்கா, வேறெதற்கா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. உனக்கு ஒரு துண்டு வேர் வேண்டும் என்று தோன்றலாம். வேண்டாம் அம்மா. நான் கொண்டுவர மாட்டேன். புது வீட்டில் மல்லிகையோ செம்பருத்தியோ உனக்குப் பிடித்ததை வை.

மடிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பூமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். மேலே விட்டிருக்கும் இடத்தைக் காட்டி, நீயே அந்த வார்த்தையை எழுதிவிடேன் என்று பேனாவை நீட்டினேன். வாங்கினாள். மூடியைத் திறந்து காகிதத்தின் மேல் வைத்தாள். பிறகு மூடி என்னிடமே கொடுத்துவிட்டாள். இப்ப எழுதப்படாது, அவ கழுத்துல திருமாங்கல்யம் ஏறட்டும், அடுத்த கடுதாசியை நானே எழுதறேன், அந்த வார்த்தையிலேர்ந்து ஆரம்பிச்சு என்றாள்.

மது போன பிறகு, இதைச் செய்யறேன் என்று அவள் எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை, மைத்ரேயி. நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்திலேயே வை, தள்ளிப் போடாதே. அவள் அந்தக் கடிதத்தை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரராகவன்