வெள்ளிக்கிழமைப் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தலைநகர் அக்ராவில் நான் சுகம். அரசாங்க வேலை கிடைத்துவிட்டது, அதனால் மிச்சத்தைப் பயப்படாமல் படியுங்கள்.

நம்முடையது எல்லையோர ஊர் என்றதும், நான் கானா நாட்டவள்தானா என்று சான்றிதழ் சரிபார்த்த அதிகாரி குடைந்தார்.

"வெள்ளிக்கிழமை பிறந்தாத்தானே அஃபியான்னு பேர் வைப்பாங்க? சான்றிதழ்ல இருக்கிற தேதி ஞாயித்துக்கிழமையில்ல வருது?"

உள்ளதைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல சேர்க்கிறப்போ அப்பா குத்துமதிப்பாச் சொன்ன தேதிங்கய்யா."

அவர் சிரித்துவிட்டார். "கள்ளச் சான்றிதழ்னா கிழமையைப் பார்த்து எழுதியிருப்பான். நம்ம அப்பனுங்கதாம்மா இப்படி. எங்கப்பாவும் இதே கதைதான்." முத்திரை குத்திவிட்டார். அப்பாவைத் திட்டாதீர்கள்.

மிளகாய்த் தொக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இங்கே எல்லோருக்கும் நான் குடும்பப் பெயரால் மிஸ் டொங்கோர். போனில் ஒருமுறை அஃபியா என்று கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்