பன்னிரண்டு மாதத்துத் தளிகை நோட்டு

ஸ்ரீரங்கம்
ஐப்பசி 12

சௌபாக்யவதி அம்ருதாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளை ஜகன்னாத்தும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். இங்கே நானும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், குழந்தை தூங்குகிற நேரமாக இருக்கும், அதனால்தான் காகிதம்.

ஆவணியில் உன் பிரசவத்துக்காக அம்மா கனடா புறப்பட்டபோது நாலு மாதம் என்றுதானே சொன்னீர்கள்? பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்தவனே நான்தான். நான் பட்டினி கிடக்கக் கூடாதென்று அவள் ஒரு நோட்டில் எந்த மாதம் எந்தப் பண்டிகைக்கு என்ன தளிகை, எதற்கு எவ்வளவு உப்பு, புளி என்று எழுதிவைத்தாள். திருச்சி ஏர்போர்ட் வாசலில் அத்தனை ஜனங்கள் நடுவில் என்னை விழுந்து சேவித்தாள், எழுந்திருக்கவே நேரமாயிற்று. நாலு மாதத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய சேவை என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. முட்டி வலி என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை புளியோதரைக்கு எவ்வளவு புளி என்று தேடி நோட்டைப் புரட்டினேன். மார்கழி, தை, பங்குனி என்று போய்க்கொண்டே இருந்தது. கார்த்திகைக் கடைசியில் திரும்புகிறவள் எதற்குப் பங்குனியை எழுதினாள்? கடைசிப் பக்கத்தில் ஆடிப்பெருக்குக் கலந்த சாதம். அதற்குக் கீழே, ஆடி முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்க்கவும் என்று அவள் கையெழுத்து. உடனே உனக்குப் போன் செய்தேன், எடுத்தது மாப்பிள்ளை. அவர் பாவம், எனக்குத் தெரியும் என்றே இருந்திருக்கிறார். "மாமி இங்கயேதானே இருக்கப்போறா மாமா? நிரந்தரமா தங்கறதுக்குப் பேப்பர் வந்து ஆறு மாசமாச்சே, அம்ருதா சொல்லலையா?" என்றார். ஆறு மாதமாக வாரம் இரண்டு தடவை பேசி, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டேனா என்று விசாரித்தாயே, அப்போதெல்லாம் உனக்கு நாக்கு கூசவில்லையா?

கடல் தாண்டினவனுக்குச் சன்னிதியில் தீர்த்தம் கொடுக்கும் கைங்கர்யம் கிடையாது என்பது நம் குடும்பத்து வழக்கம். நான் அங்கே வரமாட்டேன் என்று தெரிந்தே செய்திருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருஷமாக நான் செய்யும் அந்தக் கைங்கர்யத்தைச் சொல்லியே அவளைத் திருப்பதியில்கூட இரண்டு நாள் தங்க விட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருந்தால் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்காகவாவது கேட்டிருக்க வேண்டும். பெற்ற பெண்ணும் கட்டினவளும் சேர்ந்து நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள். அடுத்தகத்து ஹம்ஸா மாமி தினமும் செண்பகவல்லி எப்போது வருகிறாள் என்று கேட்கிறாள். கார்த்திகையில் என்கிறேன். இந்த வயதில் என்னையும் பொய் சொல்ல வைத்தாயிற்று.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம், அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், அம்மாவை ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்க விடாதே. முட்டிக்கான தைலத்தைப் பெட்டியின் ஓரப் பையில் நான்தான் வைத்தேன், அவளுக்குத் தெரியாது. மறக்காமல் அவளிடம் ஒன்று சொல். இனி வரமாட்டேன் என்றே சொல்லட்டும், ஆனால் அதை அவள் வாயால் என்னிடம் சொல்லட்டும். அதுவரை அந்த நோட்டைத் தொடுவதாக இல்லை. தயிர்சாதம் பிசைய எனக்கு நோட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகியமணவாளன்